மாட்டவும் வரல, கழற்றவும் வரல: நகைக் கொக்கிக் கோளாறுகளும் சரிசெய்யும் வழிகளும்

ராயபுரத்தில் வீட்டிலிருந்தே மணி கோர்ப்பது, கொக்கி மாற்றிக் கொடுப்பது என்று சின்னதாக ஒரு வேலை செய்துகொண்டிருக்கிறேன். மணி, கம்பி, வளையம் எல்லாம் பாரிமுனைப் பக்கம் மொத்தக் கடைகளில் வாங்குவேன். நெருப்பு வைக்கிற வேலை வந்தால் சவுகார்பேட்டையில் ஒரு பத்தரிடம் போவேன். என்னிடம் வருகிற நகைகளில் அறுந்து வருவது குறைவு. நகை நன்றாகத்தான் இருக்கும். போட்டுக்கொள்ள முடியாமல் பீரோவில் தூங்கும். கேட்டால், "எனக்கு வயசாயிடுச்சு, கை வரல" என்பார்கள். பத்தில் எட்டுப் பேருக்குக் கையில் ஒன்றும் பெரிய குறை இருக்காது. கையளவு, கண்ணளவு பார்க்காமல் செய்த கொக்கிதான் அங்கே குற்றவாளி.

முதலில் ஒரு சோதனை

நகையைக் கழுத்தில் போடாமல், மேசைமேல் நல்ல வெளிச்சத்தில் வைத்து, கண்ணால் பார்த்தபடி மூன்று தடவை மாட்டிக் கழற்றச் சொல்லுங்கள். உதவி செய்யாதீர்கள். அதுதான் கஷ்டம், நமக்கு உடனே கை நீண்டுவிடும்.

மேசையில் சுலபமாக வந்து கழுத்தில் வரவில்லை என்றால் கொக்கி நல்ல கொக்கி, அது உட்கார்ந்திருக்கும் இடம்தான் தப்பு. மேசையிலேயே வரவில்லை என்றால் கொக்கியைப் பார்க்க வேண்டும். அப்போது கை எங்கே நிற்கிறது என்று கவனியுங்கள். பிடிக்க முடியவில்லையா, பிடித்தும் திறக்க முடியவில்லையா, திறந்தும் வளையத்துக்குள் நுழையவில்லையா? அல்லது மாட்டிய பிறகும் மாட்டியதா இல்லையா என்று தெரியாமல் திரும்பத் திரும்பத் தடவிப் பார்க்கிறார்களா? ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. இதைப் பார்க்காமல் நேராகப் போய்க் காந்தக் கொக்கி வாங்கி வந்து, "இதுவும் சரிப்படலையே" என்று வருபவர்கள் நிறைய.

"மேசையில வருது, கழுத்துக்குப் பின்னாடி போனா வரல"

தோள்பட்டை இறுகிப்போனவர்களுக்கு, சர்க்கரை உள்ளவர்களிடம் இது அதிகம், கையைப் பிடரிக்குக் கொண்டுபோவதே பெரும்பாடு. அங்கே போய்ச் சேர்ந்த கை, கண் பார்க்காத இடத்தில், இரண்டு மில்லிமீட்டர் ஓட்டையைத் தேட வேண்டும். இளம் வயதுக்காரர்களுக்கே ஒரு நிமிஷம் ஆகிறது.

முதல் வழி செலவில்லாதது. கொக்கியை முன்பக்கம் வைத்து மாட்டிவிட்டு, சங்கிலியை மெதுவாகச் சுற்றிப் பின்னால் தள்ளிவிடலாம். டாலர் தனியாக நழுவுகிற மெல்லிய செயினுக்கு இது போதும். ஆனால் அட்டிகை, கல் வைத்த நெக்லஸ் மாதிரி முன்பக்கம் விறைப்பாக இருப்பவை அப்படிச் சுற்ற வராது, தோலையும் கீறும்.

இரண்டாவது, பேக் செயினை நீட்டுவது. பின்னால் இரண்டு அங்குலம் சேர்த்தால் கொக்கி தோளுக்கு மேலே எட்டும் தூரத்துக்கு வந்துவிடும். மாட்டிய பிறகு உள்ளே இருக்கும் வளையம் ஒன்றில் இழுத்துக்கொள்ளலாம். பட்டுக்கயிறு வைத்த நெக்லஸ் என்றால் கயிற்றின் நீளத்தைக் கூட்டிப் பாருங்கள். சில நகைகளைத் தலைவழியாகவே போட்டு, கயிற்றை இறுக்கும் நழுவு மணியை மேலே தள்ளிவிடலாம், கொக்கியே வேண்டாம். வியர்வையில் அந்த மணி இறுகிக்கொண்டால் கயிறு பழசாகிவிட்டது என்று அர்த்தம். மாற்றக் கொஞ்சம் காசுதான் ஆகும்.

மூன்றாவதுதான் எனக்குப் பிடித்தது. நம் தாலிக்கொடியில் பக்கவாட்டில் முகப்பு என்கிற வில்லை வருகிறதே, அந்த இடம் யோசித்து வைத்த மாதிரி இருக்கிறது. கை தூக்காமலே எட்டும், கண்ணாடியில் தெரியும், அழகுக்கும் அழகு. கொக்கியை அங்கே கொண்டுவந்துவிட்டால் பிடரிக்குப் போகிற வேலையே இல்லை. என் பெரியம்மாவின் இரட்டை வடச் செயினுக்கு அப்படித்தான் செய்தோம். முகப்பின் பின்புறம் ஒரு கொக்கி, கழுத்திலிருந்து இறங்கும் சங்கிலியின் முனையில் ஒரு கண்ணி. கொக்கியின் வளைவு மேலேயும் வாய் கீழேயும் இருக்க வேண்டும். ஜன்னல் கம்பியில் குடையை மாட்டுகிற மாதிரி. நகையின் எடையே அதை இழுத்துப் பூட்டி வைக்கும். முகப்பைக் கொஞ்சம் மேலே தூக்கினால்தான் கழலும். முதல் தடவை பத்தர் வாயை மேலே பார்க்க வைத்துவிட்டார். பெரியம்மா குனிந்து வாசலில் கோலம் போட்டார், செயின் கோலத்தில் விழுந்தது. திருப்பி வைத்த பிறகு இரண்டு வருஷமாக ஒரு பிரச்சினையும் இல்லை.

"கட்டைவிரல் வலிக்குது, அந்தச் சின்ன நெம்புகோலை இழுக்க முடியல"

இது லாப்ஸ்டர் கொக்கி (நண்டுக் கொடுக்கு மாதிரி வாய் திறப்பது), ஸ்பிரிங் வளையம் (வட்டமான ஸ்பிரிங் கொக்கி) இரண்டுக்கும் உள்ள வியாதி. கட்டைவிரலின் அடி மூட்டில் தேய்மானம் இருப்பவர்களுக்கு இரண்டு விரலால் கிள்ளிப் பிடிப்பதுதான் மிகவும் வலி தரும் அசைவு. காரணம் இருக்கிறது: விரல் நுனியில் ஒரு கிலோ அழுத்தம் கொடுத்தால் அடி மூட்டில் அது 12 கிலோ அளவுக்கு இறங்குகிறது. எனவே நெம்புகோல் லேசாக இருக்கிறதா என்பது ஒரு விஷயம், அதைக் கிள்ளாமல் தள்ளவோ இழுக்கவோ முடிகிறதா என்பது இன்னொரு விஷயம்.

மெல்லிய செயின்களில் அழகுக்காக ஐந்தாறு மில்லிமீட்டர் ஸ்பிரிங் வளையம் வைக்கிறார்கள். அதை முதலில் தூக்கிப் போடுங்கள். 12 மில்லிமீட்டர் லாப்ஸ்டர் பலருக்கு வேலை செய்யும், விரல் மரத்துப்போகிறவர்களுக்கு 15. பெரிய கொக்கி அசிங்கமாகத் தெரியுமே என்பார்கள். பின்னால் கூந்தலுக்கு அடியில் யார் பார்க்கப் போகிறார்கள்? சரி, பார்த்தால்தான் என்ன.

அளவு கூட்டியும் வலித்தால் நெம்புகோலே இல்லாத வகைக்கு மாறுங்கள். எஸ் கொக்கி, குச்சி-வளையம் (குச்சியை வளையத்துக்குள் நுழைத்துக் குறுக்கே நிற்கவைப்பது), காந்தம் மூன்றிலும் கிள்ளுகிற வேலை குறைவு. ஒவ்வொன்றுக்கும் தனிக் குறை உண்டு, கீழே வருகிறேன்.

இன்னொரு சின்ன வேலை: எதிர்ப்பக்க வளையத்துக்குப் பக்கத்தில் மூன்று சென்டிமீட்டர் நீளத்தில் ஒரு வால், அதன் நுனியில் ஒரு மணி. லாப்ஸ்டரைத் திறக்கும் கையைப் பற்றியே எல்லோரும் கவலைப்படுகிறோம், மறுகை பிடித்துக்கொள்ள ஒன்றுமே இல்லாமல் தவிப்பதை யாரும் கவனிப்பதில்லை. அந்த மணியை நான்கு விரலுக்குள் பொத்திப் பிடித்துக்கொள்ளலாம், கிள்ள வேண்டாம்.

"திறக்குது, ஆனா வளையத்துக்குள்ள போகமாட்டேங்குது"

முதலில் கேட்க வேண்டிய கேள்வி: நீங்கள் இடக்கைக்காரரா? லாப்ஸ்டர் எந்தக் கையில் வலுவோ அந்தக் கைப்பக்க முனையில் இருக்க வேண்டும். கடையில் வலக்கைக்காரர்களை மனதில் வைத்தே மாட்டித் தருகிறார்கள். மருமகள் ஒருத்தி மூன்று வருஷம் மாமியாரைக் கூப்பிட்டு மாட்டிக்கொண்டிருந்தாள். கொக்கியையும் வளையத்தையும் இடம் மாற்றிக் கொடுத்தேன், ஐந்து நிமிஷ வேலை. மாமியாருக்குத்தான் கொஞ்சம் வருத்தம்.

அடுத்தது வளையத்தின் அளவு. கொக்கியைப் பெரிதாக்கிவிட்டு வளையத்தைப் பழையபடி நான்கு மில்லிமீட்டரிலேயே விட்டால் பயனில்லை. எட்டு மில்லிமீட்டர் வளையம் போடுங்கள், கட்டாயம் பற்றவைத்து வாய் மூடியதாக இருக்கட்டும். வாய் திறந்த வளையத்தில் இடைவெளி வழியாகவே கொக்கி நழுவும். தொங்கி ஆடுகிற வளையத்தைவிட, ஓட்டை போட்ட தட்டையான ஒரு தகடு இன்னும் நல்லது, அது விரலுக்கு நடுவே நிமிர்ந்து நிற்கும். கண்பார்வை மங்கியவர்களுக்கு வளையத்தில் மட்டும் நிறத்தை மாற்றிக் கொடுப்பேன்: தங்க நிறக் கொக்கிக்கு வெள்ளி நிற வளையம். பார்ப்பதற்குப் பொருந்தாது, மாட்டுகிறவருக்குப் பொருந்தும்.

"லாப்ஸ்டர் திறந்தா மூடமாட்டேங்குது"

காசிமேடு, ராயபுரம், திருவொற்றியூர் என்று கடலோரம் இருப்பவர்களுக்கு நன்றாகத் தெரிந்த நோய் இது. தங்க லாப்ஸ்டர் என்றாலும் உள்ளே இருக்கும் ஸ்பிரிங் பெரும்பாலும் எஃகுதான். உப்புக் காற்றும் வியர்வையும் பவுடரும் சேர்ந்து அதைப் பிடித்துவிடும். ஒரு சின்ன விஷயம் சொல்லிவிடுகிறேன்: அந்த ஸ்பிரிங்கால்தான் சில தங்கச் செயின்களின் கொக்கி மட்டும் காந்தத்தில் லேசாக ஒட்டும். தங்கம் போலியோ என்று பதறி அடகுக்கடைக்கு ஓட வேண்டாம், சங்கிலி ஒட்டுகிறதா என்று பாருங்கள்.

வெதுவெதுப்பான தண்ணீரில் துளி சோப்புக் கரைத்து, பழைய மெல்லிய பல்துலக்கும் பிரஷ்ஷால் நெம்புகோலின் இடுக்கில் தேயுங்கள். பத்துப் பதினைந்து தடவை திறந்து மூடுங்கள். நல்ல தண்ணீரில் அலசி, துணியில் ஒற்றி, நன்றாகக் காயவிடுங்கள். ஈரத்தோடு பெட்டியில் வைத்தால் துரு இன்னும் வேகமாக வரும். காய்ந்த பிறகு தையல் மிஷின் எண்ணெய் ஊசி நுனியளவு. முத்து, பவளம் உள்ள நகையை சோப்புத் தண்ணீரில் ஊறப்போடாதீர்கள், கொக்கியை மட்டும் நனையுங்கள். இவ்வளவுக்கும் மசியவில்லை என்றால் ஸ்பிரிங் செத்துவிட்டது. அதைப் பழுதுபார்ப்பது வீண், கொக்கியை மாற்றுங்கள். சென்ற மாதம்தான் புதுசு போட்டேன், அதற்குள் போய்விட்டதே என்று சிலர் வருவார்கள். அது பெரும்பாலும் நெருப்பு பட்ட கதை. கொக்கிக்குப் பக்கத்திலேயே பொடி வைத்து ஊதிப் பற்றவைத்தால் சூட்டில் ஸ்பிரிங் தன் முறுக்கை இழந்துவிடும். பற்றவைக்கிற வேலையை முதலில் முடித்துவிட்டு, கடைசியில் கொக்கியை ஓர் இணைப்பு வளையத்தால் கோர்ப்பதே சரியான வரிசை. வேறு வழியில்லாதபோது கொக்கியை ஈரப் பஞ்சில் பொதிந்து வைப்பார்கள். பச்சை உருளைக்கிழங்கில் செருகி வைக்கிற ஆளையும் பார்த்திருக்கிறேன், அதுவும் வேலை செய்கிறது.

"திருகாணி அசையவே மாட்டேங்குது"

வண்ணாரப்பேட்டையில் ஓர் ஆயா. மறுநாள் காலை எம்.ஆர்.ஐ. ஸ்கேன், உடம்பில் ஒரு உலோகமும் இருக்கக்கூடாது என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். தாலிச் செயினின் திருகாணியை மகன், மருமகன், பக்கத்து வீட்டு மெக்கானிக் என்று எல்லோரும் முயன்று, அதன் தலையே வழவழவென்று ஆகிவிட்டது. "நாப்பது வருசமா கயட்டுனதே இல்ல கண்ணு, இப்ப இன்னாத்துக்குக் கயட்டணும்ங்குறாங்க" என்று ஆயா ஒரே புலம்பல். மஞ்சள் கிழங்கு கட்டிய மஞ்சள் கயிறு கழுத்தில் ஏறும்வரை எங்களைத் தொடவே விடவில்லை. அதுவும் நியாயம்தான்.

இப்படி இறுகியதற்குச் செய்ய வேண்டியது: வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியைத் திருகாணிமேல் பத்து நிமிஷம் சுற்றி வையுங்கள், உள்ளே அடைந்த அழுக்கும் மஞ்சளும் இளகட்டும். துடைத்துவிட்டு ஒரு சொட்டுத் தையல் மிஷின் எண்ணெய், அரைமணி நேரம். பிறகு தலையைச் சுற்றி ஒரு ரப்பர் பேண்டை இறுக்கிச் சுற்றுங்கள், விரலுக்குப் பிடி கிடைக்கும். முதலில் திறக்கும் பக்கம் திருகாமல், ஒரு மயிரிழை இறுக்கும் பக்கம் திருப்பி, அப்புறம் திறக்கும் பக்கம். பிளையரை நேராகத் தங்கத்தின்மேல் வைக்காதீர்கள். வைத்தே ஆகவேண்டும் என்றால் நடுவில் தோல் துண்டு.

ஆயாவின் திருகாணி இதற்கும் அசையவில்லை. வெட்டினோம். வெட்டுவதிலும் இடம் உண்டு: சங்கிலிக் கண்ணியை வெட்டாமல், திருகாணிக்குப் பக்கத்தில் இருக்கும் இணைப்பு வளையத்தை வெட்டினால் ஒரு வளையத்தின் செலவோடு போகும்.

இறுகிய திருகாணிகளில் பாதி, மரை மாறி ஏறியவை. மாட்டும்போது சரியாக உட்காராமலே திருகியிருப்பார்கள். தடுக்க ஒரு பழக்கம் போதும்: ஆணியை ஓட்டையில் வைத்து, முதலில் எதிர்ப்பக்கம் மெதுவாகத் திருப்புங்கள். மரையின் முனை இறங்கும் இடத்தில் 'டக்' என்று ஒரு சின்னத் துள்ளல் விரலில் தெரியும். அங்கிருந்து முன்பக்கம் திருகினால் வெண்ணெய் மாதிரி ஏறும். கம்மல், மூக்குத்தி, கொலுசு எல்லாத் திருகுக்கும் இதே வித்தைதான்.

புதிதாகச் செய்யச் சொல்கிறீர்கள் என்றால் திருகின் தலையைப் பெரிதாக்கச் சொல்லுங்கள். நான்கு மில்லிமீட்டர் குறுக்களவை எட்டாக்கினால் விரல் கொடுக்க வேண்டிய விசை பாதியாகிவிடும். உருண்டைத் தலையைவிட, ஓரத்தில் வெட்டுவரி போட்டதோ, இரண்டு பக்கம் இறக்கை வைத்ததோ நல்லது. கொலுசில் இது இன்னும் முக்கியம், குனிந்து மூச்சைப் பிடித்துக்கொண்டு திருக வேண்டியிருக்கிறதே. கர்ப்பமாக இருப்பவர்களுக்கும் முழங்கால் வலிக்காரர்களுக்கும் திருகுக் கொலுசே வேண்டாம் என்பேன். பெரிய எஸ் கொக்கியும் கூடுதலாக மூன்று நான்கு வளையங்களும் போதும். கால் வீங்கினால் ஒரு வளையம் தள்ளி மாட்டலாம்.

"எஸ் கொக்கி ஒண்ணு இறுகிக்குது, இல்லாட்டி தானா கழண்டுடுது"

இது தங்கத்தின் குணம். 916 என்றால் 91.6 சதவீதம் தங்கம், மென்மையான உலோகம். வளைத்தால் வளைந்தபடி நிற்கும், ஸ்பிரிங் போலத் திரும்பி வராது. ஒவ்வொரு தடவை மாட்டும்போதும் வாய் கொஞ்சம் கொஞ்சமாக அகலும். ஒருநாள் பயந்துபோய்ப் பல்லால் கடித்து மூடுவோம், அப்போது அளவுக்கு மேல் இறுகும். பல்லுக்கும் நல்லதல்ல, கொக்கிக்கும் நல்லதல்ல.

எஸ்ஸின் ஒரு பக்கத்தை நிரந்தரமாகப் பற்றவைத்து மூடிவிடுங்கள். மறுபக்கம் மட்டும் வேலை செய்யட்டும். அந்தப் பக்கத்தின் வாய், வளையக் கம்பி லேசாக உரசி நுழையும் அளவு இருந்தால் போதும். கம்பி தடிமனாக இருக்கட்டும், வெள்ளியில் 1.2 மில்லிமீட்டருக்குக் குறையாமல். வளைத்த பிறகு சின்னச் சுத்தியலால் வளைவின்மேல் மெல்லத் தட்டச் சொல்லுங்கள், தட்டத் தட்ட உலோகம் விறைக்கும். நுனியைச் சற்று வெளியே மடக்கி உருட்டிவிட்டால் வளையம் தானாக வழிகண்டு உள்ளே போகும், புடவை நூலும் மாட்டாது.

குச்சி-வளையக் கொக்கி தானாகக் கழன்றால் குச்சி குட்டை என்று பொருள். வளையத்தின் உள்விட்டம் 12 மில்லிமீட்டர் என்றால் குச்சி 18 முதல் 20 இருக்க வேண்டும். நுழையவே மாட்டேன் என்றால் குச்சிக்குப் பக்கத்தில் பெரிய மணி உட்கார்ந்திருக்கும். அங்கே இரண்டு சென்டிமீட்டர் மெல்லிய சங்கிலி சேருங்கள்.

"காந்தம் போட்டேன், பட்டுன்னு விட்டுடுது"

காந்தக் கொக்கியை நேராக இழுத்தால் நன்றாகப் பிடிக்கும், பக்கவாட்டில் தள்ளினால் சறுக்கிவிடும். தூங்கும்போது, பையைத் தோளில் மாட்டும்போது, குழந்தையைத் தூக்கும்போது நடப்பது அந்தப் பக்கவாட்டுத் தள்ளல்தான். ஒரு பாதியில் மேடு, மறு பாதியில் அதற்கேற்ற குழி உள்ள வகையை வாங்குங்கள். தட்டையாக ஒட்டிக்கொள்கிற வகை வேண்டாம். 40 கிராமுக்கு மேல் உள்ள நகைக்குக் காந்தத்தை மட்டும் நம்பிப் போடுவதில்லை என்று நான் வைத்திருக்கிறேன்.

இருக்கிற தங்கச் செயினில் கைவைக்கத் தேவையில்லை. இரண்டு பக்கமும் கண்ணி வைத்த காந்தக் கொக்கி கிடைக்கிறது. செயினின் பழைய லாப்ஸ்டரை ஒரு கண்ணியிலும், காந்தத்தோடு வரும் லாப்ஸ்டரைச் செயினின் வளையத்திலும் ஒருமுறை மாட்டிவிட்டால், அப்புறம் தினமும் திறப்பது காந்தத்தை மட்டும்.

இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர்களுக்குக் காந்தம் வேண்டாம். வலுவான காந்தம் அந்தக் கருவியின் அருகே வரக்கூடாது, 15 சென்டிமீட்டராவது தள்ளியிருக்க வேண்டும். கழுத்து நகையோ நெஞ்சின்மேல்தான் தொங்குகிறது. சின்னக் குழந்தைகள் உள்ள வீட்டிலும் யோசியுங்கள். இரண்டு காந்தத்தை விழுங்கிவிட்டால் குடலின் இரண்டு மடிப்புகளை நடுவில் வைத்து அவை ஒன்றையொன்று இழுக்கும், அறுவை சிகிச்சைவரை போகலாம். பூச்சு தேய்ந்து உள்ளே சாம்பல் நிறம் தெரிந்தால் மாற்றிவிடுங்கள். நம் கடற்காற்றில் அந்தக் காந்தம் பொடிப்பொடியாக உதிரும்.

"வளையல் செயினை ஒத்தைக் கையால எப்படி மாட்டுறது?"

பிரேஸ்லெட் என்றால் தனி வேதனை, ஒரு கைதான் வேலை செய்யும். ஒரு ஜெம் கிளிப்பை எடுத்து நீட்டி இரண்டு முனையையும் கொக்கியாக வளையுங்கள். ஒரு முனையை வளையத்தில் மாட்டி, மறுமுனையை பிரேஸ்லெட் போடும் கையின் விரல்களுக்குள்ளேயே பிடித்துக்கொண்டால் வளையம் நழுவாமல் நிற்கும். நிரந்தரமாக வேண்டுமென்றால் மேலே சொன்ன அந்த வாலையே ஐந்து சென்டிமீட்டருக்கு நீட்டி உள்ளங்கைவரை வரவையுங்கள்.

"ஈசியா திறக்குது. அதான் பயமா இருக்கு"

நியாயமான பயம். மின்சார ரயில் கூட்டத்தில் போய்வருபவர்கள் இதைத்தான் முதலில் கேட்பார்கள். கொக்கியை மறுபடி கடினமாக்காதீர்கள், பக்கத்தில் ஒரு காப்புச் சங்கிலி சேருங்கள். மெல்லியதாக, இரண்டு முனையும் நகையிலேயே பற்றவைத்ததாக. நீளம்தான் முக்கியம்: கொக்கி திறந்திருக்கும்போது பிரேஸ்லெட் கைவழியாகவும் செயின் தலைவழியாகவும் கழன்று வரும் அளவு. அப்போது அந்தச் சின்னச் சங்கிலியை ஒருநாளும் திறக்க வேண்டியதில்லை. கொக்கி தற்செயலாக விட்டாலும் நகை தளர்ந்து தொங்குமே தவிர தண்டவாளத்தில் விழாது. பின்னலோ கொண்டையோ போடுகிறவர்கள் அளவெடுக்கும்போது அதையும் சேர்த்து அளந்துகொள்ளுங்கள். போன வாரம் ஒருவருக்கு விரித்த கூந்தலோடு அளந்து கொடுத்தேன். முகூர்த்தத்துக்குப் பூ வைத்த பிறகு தலையில் ஏறவில்லை என்று திரும்பக் கொண்டுவந்தார். மூன்று சென்டிமீட்டர் சேர்த்துக் கொடுத்தேன்.